பச்சைப் பதிவுகளும் கறுப்புப் பைகளும்

ஏப்ரல் 22, புவி நாள் வந்துவிட்டால் கிள்ளான் பள்ளத்தாக்குப் பல்கலைக்கழகங்களின் இன்ஸ்டாகிராம், டிக்டாக் பக்கங்கள் பச்சை பூசிக்கொள்கின்றன. மரக்கன்றோடு துணைவேந்தர், துணிப்பையோடு மாணவர்கள், கீழே ஹேஷ்டேக் வரிசை. மறுநாள் மதியம் அதே மாணவர்கள் தாப்பாவ் பொட்டலமும் நெகிழிப்பையில் கட்டிய தே ஐசுமாக வகுப்புக்கு ஓடுகிறார்கள்.

ஓடுகிறவர்களைத் திட்டுவது எளிது. நம் கோபம் படம் பிடிக்கவைத்தவர்கள் மீது. நீலம், பழுப்பு, ஆரஞ்சு என மறுசுழற்சித் தொட்டிகளை வரிசையாக நிறுத்திக் காணொளி எடுக்கிறார்கள். மாலையில் மூன்றையும் ஒரே கறுப்புப் பையில் கொட்டும் வளாகம் என்றால், அந்தக் காணொளிக்குப் பெயர் பொய். பையின் வாயைக் கட்டித் தூக்கும் குத்தகைத் துப்புரவுப் பணியாளருக்கு இது நன்றாகத் தெரியும். அவரைப் பேசவைத்த காணொளி ஒன்றைக்கூட நாம் பார்த்ததில்லை.

பல்கலைக்கழகங்களின் பசுமையை அளக்க இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010இல் தொடங்கிய கிரீன்மெட்ரிக் தரவரிசையில் கழிவுக்கும் போக்குவரத்துக்கும் தனித்தனி மதிப்பெண் உண்டு. விவரம் தருவது அந்தந்தப் பல்கலைக்கழகமே. இடம் உயர்ந்ததைப் பறைசாற்றுகிறவர்கள், அனுப்பிய கணக்கையும் அதே பக்கத்தில் போடட்டுமே!

முடியாத காரியம் ஒன்றுமில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் கழிவற்ற வளாக இயக்கம் உணவுக்கழிவை வளாகத்திலேயே உரமாக்கிக் காட்டியது. அங்கே பல்லாண்டு கழிவு மேலாண்மை கற்பித்த பேராசிரியர் அகமுத்து, பின்னர் சன்வே பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி சாக்ஸ் மையத்துக்கு வந்தார். அறிவு வளாகத்தின் வாசற்படியிலேயே இருக்கிறது.

பேருந்தும் இருக்கிறது. பக்கத்துச் செத்தியா ஜெயாவிலிருந்து சன்வே, மோனாஷ் வளாகங்கள் வழியாக 5.4 கிலோமீட்டர் மேம்பாதையில் 2015 முதல் மின்பேருந்து ஓடுகிறது. கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றும் மாணவனுக்கு மரக்கன்றுப் படத்தைவிட, அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு என்ற ஒருவரிப் பதிவு உதவும். பழக்கத்தை மாற்றுவது படமல்ல: சிலாங்கூரில் 2010இல் சனிக்கிழமைக்கு மட்டும் வந்து, 2017இல் எல்லா நாளுக்கும் விரிந்த 20 காசு நெகிழிப்பைக் கட்டணத்தை நினைத்துப் பாருங்கள். பையோடு கடைக்குப் போகவைத்தது கல்லாப்பெட்டிதான், சுவரொட்டி அல்ல.

மாணவர் சங்கங்களுக்கு ஒன்று சொல்கிறோம். மாதத்தின் முதல் நாளில், எந்த உணவகத்தில் எத்தனை கிலோ கழிவு சேர்ந்தது, அது எங்கே போனது என்று உங்கள் பக்கத்தில் போடுங்கள். நிர்வாகங்களுக்கும் ஒன்று: நிரம்பி வழியும் தொட்டியின் படத்தோடு வரும் மாணவரின் பின்னூட்டத்தை நீக்காதீர்கள், பதில் சொல்லுங்கள்.