மாமனாரின் இடது கால்

எங்கள் ஆம்பூர் வீட்டு ஷெட்டில் மாமனாரின் அம்பாசடர் நிற்கிறது. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் 2014 வரை தயாரானதே, அந்த வண்டிதான். எங்களுடையது 1970களில் வாங்கியது. "வித்துடலாம்மா" என்றான் பிள்ளை. "முதல்ல துடைச்சுப் பாருடா" என்றேன். துடைக்கப் போனவன் ரப்பர் மிதியடியைத் தூக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டான். கிளட்ச் பெடலுக்கு இடது பக்கம், தரையோடு ஒரு இரும்புக் குமிழ். கோட்டுப் பித்தான் அளவுதான். துருவேறி, அமுக்கினால் அசையவில்லை.

ஹாரன் என்றான் பிள்ளை. தண்ணீர் வடிய வைத்த அடைப்பு என்றார் இவர். தெரியாது என்று சொல்ல நம் வீட்டு ஆண்களுக்கு வாய் வராதே! தெருக்கோடி மெக்கானிக் பெரியவரை அழைத்து வந்தோம். பார்த்ததும் சிரித்தார். "லைட்டு டிம் பண்றதும்மா. ஒரு தரம் மிதிச்சா டிம்மு, மறுபடி மிதிச்சா பிரைட்டு."

பேனாவின் தலையை அமுக்குகிறோமே, அதேபோலத்தான். பல்புக்குள் இரண்டு இழைகள். ஒன்று தூரத்துக்கு, ஒன்று தாழ்வாக. மிதித்தால் மின்சாரம் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும். அந்தக் காரில் கியரும் ஸ்டியரிங்கை ஒட்டியே இருந்தது. கைக்கு ஏகப்பட்ட வேலை; இடது காலோ கிளட்ச் மிதிக்காத நேரம் சும்மா! ஈரச் செருப்பும் சேறும் பட்டுத் துருப்பிடிப்பதுதான் இதில் தொல்லை. பிற்காலக் கார்களில் இந்த வேலை ஸ்டியரிங் பக்கத்துக் குச்சிக்குப் போய்விட்டது.

எனக்கோ பழைய ஞாபகம் வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் வேலூரிலிருந்து இரவில் திரும்புவோம். பள்ளிகொண்டா தாண்டினால் எதிரே வரிசையாக லாரிகள். மாமனாரின் இடது கால் 'டக், டக்' என்று தட்டிக்கொண்டே இருக்கும். வாய்க்குள் முணுமுணுக்கும் பாட்டுக்குத் தாளம் போடுகிறார் என்றல்லவா நினைத்திருந்தேன்!

பின்னாளில், "எதிர்ல வர்றவன் எவனும் டிம் பண்றதில்ல" என்று எரிந்து விழுவார். வயசான கோபம் என்று விட்டுவிட்டோம். ஒருநாள் மாதனூர் அருகே மாட்டுவண்டியில் மோத இருந்து மயிரிழையில் தப்பினோம். வேலூர் ஷெல் கண் ஆஸ்பத்திரியில் காட்டினால், இரண்டு கண்ணிலும் புரை! புரை விழுந்த லென்ஸ் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். பகலில் பேப்பர் படிக்கிறவருக்குக்கூட இரவில் எதிர்விளக்கு தாங்காமல் போவது அதனால்தான். வயதாக ஆக, கூசிய கண் தெளியவும் நேரம் பிடிக்கும். எத்தனை மாதம் அவரைக் கேலி செய்திருப்போம்! உங்கள் வீட்டுப் பெரியவர் இப்படிப் புலம்பினால் முதலில் கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

மெக்கானிக் துருவைச் சுரண்டி எண்ணெய் விட்டார். இப்போது 'டக்' என்று சத்தம் வருகிறது. வலது பக்க விளக்கு மட்டும் இன்னும் எரியவில்லை. ஒயர் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். விற்கிற பேச்சைப் பிள்ளை அப்புறம் எடுக்கவேயில்லை.