அறிவியலாசிரியர் விபுலானந்தர்

விபுலானந்த அடிகளைத் துறவியென்றும் யாழ்நூல் ஆசிரியரென்றும் போற்றும் தமிழுலகம், அவர் பள்ளி மாணவர்க்கு அறிவியல் பயிற்றிய ஆசிரியர் என்பதை ஏனோ மறந்துவிடுகின்றது!

மட்டக்களப்பைச் சார்ந்த காரைதீவில் 1892-இல் பிறந்த அவர், 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதத் தேர்வில் வென்றார். 1917-இல் யாழ்ப்பாணம் தூய பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் ஆசிரியரானார். 1920-இல் இலண்டன் பல்கலைக்கழக அறிவியற் பட்டமும் பெற்றார். தமிழும் அறிவியலும் அவர் நெஞ்சில் ஒன்றாய்க் கலந்து நின்றன.

அதன் பயன் இரண்டு. 1936-இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்கு அவர் தலைமை தாங்கினார். பழந்தமிழ் யாழின் இயல்பைக் கணக்கியல் முறையில் ஆய்ந்து அவர் யாத்த யாழ்நூலைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1947-இல் வெளியிட்டது. அவ்வாண்டே அடிகளார் மறைந்தார்.

தமிழில் அறிவியல் இயலாது என்பார் யாவர்? அறிவியலை அறியாதார், அன்றேல் தமிழை அறியாதார். இரண்டையும் அறிந்தவர் இயலும் என்றார், இயற்றியும் காட்டினார். ஆயினும், தமிழ்நாட்டில் மருத்துவக் கல்வி இன்றும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றது; தமிழ்ப் பெற்றோரோ மழலைகளை ஆங்கிலவழிப் பள்ளி வாயிலில் நிறுத்துகின்றனர். இவ்விழிவு நீங்க வேண்டாவா?

ஊர்தோறும் தமிழில் அறிவியல் பயிற்றும் நல்லாசிரியர் எழுக! அதுவே அடிகளார்க்குத் தமிழினம் செலுத்தும் மெய்யான நன்றிக்கடன்.