ரயில் கட்டணமும் கூட்டு டிக்கெட்டும்

2025-ஆம் ஆண்டில் ரயில் பிரயாணக் கட்டணம் இரண்டு முறை உயர்த்தப்பட்டது. ஜூலை 1-ந் தேதி முதல் குளிர்சாதனமில்லாத மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளில் கிலோமீட்டருக்கு 1 பைசாவும், குளிர்சாதன வகுப்புகளில் 2 பைசாவும் கூடின. டிசம்பர் 26-ந் தேதி முதல் மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளில் மீண்டும் 2 பைசாவும், சாதாரண வண்டிகளில் 215 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்திற்கு 1 பைசாவும் கூடின. இரு தடவைகளிலும் சீசன் டிக்கெட்டுகளின் மீதும் புறநகர் வண்டிகளின் மீதும் சர்க்கார் கை வைக்கவில்லை. அன்றாடம் வேலைக்கென்று ரயிலேறும் எளிய ஜனங்களை விட்டுவைத்தது நல்ல காரியமே. ஆனால் விட்டுவைத்தது தயவினாலா, அல்லது அவர்களுக்குள்ள உரிமையினாலா என்ற கேள்விக்கு இதுவரை விடை கிடைக்கவில்லை. தயவு என்றால் அது ஒரே இரவில் மாறக்கூடியது. மாறியதை நாடு கண்டுமிருக்கிறது.

2014-ஆம் ஆண்டு ஜூன் 20-ந் தேதி, பிரயாணக் கட்டணம் 14.2 சதவிகிதமும் சரக்குக் கட்டணம் 6.5 சதவிகிதமும் உயரும் என்று ரயில்வே அமைச்சகம் அறிவித்தது. அத்துடன் நில்லாமல், ஏறக்குறைய 15 ஒற்றைப் பிரயாணங்களின் கட்டணத்தையே மாத சீசன் டிக்கெட்டின் விலையாக வைத்திருந்த வழக்கத்தை மாற்றி, 30 பிரயாணங்களின் கட்டணம் வசூலிக்கப்படும் என்றும் சொல்லிற்று. ஒரே அறிவிப்பில் தொழிலாளியின் ரயில் செலவு இரு மடங்குக்கு மேல் போயிற்று. மும்பையிலே ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். உயர்வு அமலுக்கு வருமுன் பழைய விலையில் சீசன் டிக்கெட் வாங்கிவிட ரயில் நிலையங்களில் கூட்டம் மொய்த்தது. ஆளும் கட்சியைச் சேர்ந்த எம்.பி.க்களே ரயில்வே மந்திரி சதானந்த கௌடாவைச் சந்தித்து முறையிட்டனர். ஜூன் 24-ந் தேதி, அதாவது உயர்வு அமலாகவேண்டிய நாளுக்கு முந்திய நாள், சர்க்கார் பின்வாங்கிற்று. சீசன் டிக்கெட்டுக்குப் பழைய கணக்கே நிலைத்தது. 80 கிலோமீட்டர் வரையுள்ள புறநகர் இரண்டாம் வகுப்புக் கட்டணமும் உயரவில்லை.

இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளவேண்டிய பாடம் ஒன்று உண்டு. மும்பைப் பிரயாணிகளின் குரல் நான்கே நாட்களில் டில்லிக்கு எட்டியது. அவர்கள் லட்சக்கணக்கானவர்கள், ஒரே வண்டியில் போகிறவர்கள், சங்கமாகச் சேர்ந்தவர்கள். சிறிய கிளைப் பாதைகளில் போகிறவர்களுக்கு அந்தப் பலம் எங்கே? கடலூர் துறைமுகத்திலிருந்து குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி வழியாக விருத்தாசலம் செல்லும் பாதையையே எடுத்துக்கொள்வோம். திருச்சிராப்பள்ளிக் கோட்டத்தைச் சேர்ந்த இப்பாதையில் ஏறுகிறவனுக்கு நேர்ந்ததைக் கேட்பார் இருந்ததில்லை.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், நோய்ப் பரவலை முன்னிட்டு நாடெங்கும் பிரயாணி வண்டிகள் நிறுத்தப்பட்டன. பிறகு சாதாரண பாசஞ்சர் வண்டிகள் ஓடத் தொடங்கியபோது அவற்றின் பெயர் மாறியிருந்தது. எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல் என்று நாமகரணம் செய்யப்பட்டு, குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாயிற்று. அதே பாதை, நின்று நின்று போகும் அதே வண்டி. மாதத்தில் 25 நாள் வேலைக்குப் போய்த் திரும்புகிறவன் 50 பிரயாணம் செய்கிறான். தினமும் டிக்கெட் வாங்கினால், 500 ரூபாயில் முடிந்த காரியத்திற்கு அவன் 1,500 ரூபாய் கொடுக்கவேண்டியிருந்தது. பெரிய உத்தரவு ஒன்றும் பார்லிமெண்டில் படிக்கப்படவில்லை. கட்டண உயர்வு என்ற சொல்லும் உச்சரிக்கப்படவில்லை. வண்டியின் பெயரை மாற்றியதோடு சரி. பழைய கட்டணம் திரும்பியது 2024 பிப்ரவரி மாதக் கடைசியில்தான். மும்பையில் நான்கு நாளில் தீர்ந்த அநீதி, கிளைப் பாதைகளில் தீரப் பல ஆண்டுகள் பிடித்தன.

நெய்வேலியின் நிலையை இந்த வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். 1956-ல் ஸ்தாபிக்கப்பட்டு, 1957 மே மாதத்தில் ஜவஹர்லால் நேருவினால் சுரங்க வேலை தொடங்கி வைக்கப்பட்ட பழுப்பு நிலக்கரி ஸ்தாபனம் அது. சுதந்திர இந்தியா தன் கையாலேயே எழுப்பிய பெருந்தொழில்களில் ஒன்று. அதன் மின்சாரம் தென் மாநிலங்கள் யாவற்றுக்கும் செல்கிறது. சுரங்கங்களும் அனல் மின் நிலையங்களும் இரவு பகலாக மூன்று ஷிப்டுகளில் ஓடுகின்றன. நகரியத்தில் வீடு பெற்ற நிரந்தர ஊழியர்களுக்கு வேலையிடம் அருகிலேயே இருக்கிறது. ஆனால் சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள், கடைச் சிப்பந்திகள், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், கல்லூரி மாணவர்கள் ஆகியோருக்கு அன்றாடப் பிரயாணமே ஒரு செலவினம். அரிசிக்கும் மருந்துக்கும் போகவேண்டிய காசு வழிச்செலவில் கரைகிறது. ரயிலைவிட்டு மோட்டார் சைக்கிளில் இரவு ஷிப்டு முடிந்து கண்ணயர்ந்து நெடுஞ்சாலையில் போகிறவனின் உயிருக்கு எந்த மந்திரி உத்தரவாதம் கொடுப்பார்?

இத்தகைய நிலையில் பிரயாணிகள் என்ன செய்யலாம்? டிக்கெட் இல்லாமல் ஏறுவது ஒரு வழி என்று சில இளைஞர்கள் நினைக்கக்கூடும். அதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். சட்டப்படி கட்டணத்தோடு 250 ரூபாய்க்குக் குறையாத தொகையைக் கட்டவேண்டும் என்பது மட்டுமல்ல காரணம். டிக்கெட் வாங்காதவன் ரயில்வேயின் கணக்கில் இல்லாதவன். இன்ன நிலையத்தில் இத்தனை பேர் ஏறினார்கள் என்ற கணக்கைப் பார்த்துத்தான் வண்டியை நிறுத்துவதா, விடுவதா என்று அதிகாரிகள் தீர்மானிக்கிறார்கள். டிக்கெட் வாங்காமல் ஏறுகிற ஒவ்வொருவனும் தன் ஊர் வண்டியை நிறுத்துவதற்குத் தானே கையெழுத்திடுகிறான். ஒருவர் பெயரிலுள்ள சீசன் டிக்கெட்டை மற்றொருவர் உபயோகிப்பதும் குற்றமே. சிக்கனம் வேறு, ஏமாற்று வேறு.

நேர்மையான வழி கூட்டுச் சேர்வது. ஜெர்மனியில் 1995-ஆம் ஆண்டு ஒரு டிக்கெட்டை வெளியிட்டார்கள். 15 மார்க் கொடுத்தால் ஐந்து பேர் சனி, ஞாயிறுகளில் நாடெங்கும் சாதாரண வண்டிகளில் சுற்றலாம். ஜனங்கள் என்ன செய்தார்கள்? முன்பின் அறியாதவர்கள் பிளாட்பாரத்தில் கூடி, ‘நான்கு பேர் இருக்கிறோம், ஐந்தாவதாக வருகிறீர்களா?’ என்று ஒருவரையொருவர் அழைத்துச் செலவைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அந்த டிக்கெட் 2019-ல் நிறுத்தப்பட்டது. ஆனால் மாநிலந்தோறும் பலர் சேர்ந்து செல்லும் ஒருநாள் டிக்கெட் அங்கே வழக்கமாக நிலைத்துவிட்டது. பிரிட்டனிலும் கூட்டம் குறைந்த வேளைகளில் மூன்று முதல் ஒன்பது பேர் வரை சேர்ந்து சென்றால் கட்டணத்தில் மூன்றிலொரு பங்கைப் பல ரயில் கம்பெனிகள் தள்ளிக்கொடுக்கின்றன. கட்டணம் ஏறும்போது தனித்தனியே முணுமுணுப்பதைவிட ஒன்றாகச் சேர்ந்து குறைவாகக் கொடுப்பது எவ்வளவு கௌரவமான கண்டனம்! அதில் சட்ட மீறல் இல்லை. பிறருக்குத் துன்பமும் இல்லை.

நம் நாட்டிலோ, முன்பதிவில்லாத டிக்கெட் ஒன்றிலேயே பலர் பெயரால் ஆள் எண்ணிக்கை போட்டுக் கொடுக்கிறார்கள். கட்டணத்தில் மட்டும் ஒரு பைசாவும் குறைவதில்லை. காகிதம் மிச்சமாவது ரயில்வேக்கு. பிரயாணிக்கு மிச்சமாவது ஒன்றுமில்லை. கூட்டு டிக்கெட் என்ற பெயருக்குத் தகுந்த சலுகையுள்ள டிக்கெட் கிளைப் பாதைகளுக்கு வேண்டும். ஐந்து பேர் சேர்ந்து வந்தால் நால்வர் கட்டணம் என்று வைத்தால் ரயில்வே நஷ்டப்படுமா? பாதி காலியாக ஓடும் வண்டிக்கும் அதே டிரைவர், அதே கார்டு, அதே மின்சாரம்தான். பெஞ்சு காலியாகப் போவதைவிட ஐந்து பேரைச் சற்றுக் குறைந்த விலைக்கு ஏற்றிச் செல்வதே வியாபாரிக்கும் புத்தி.

கூட்டு டிக்கெட் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கவேண்டியதில்லை. இருக்கிற விதிகளிலேயே ஒரு வழி இருக்கிறது. மாத சீசன் டிக்கெட்டின் விலை ஏறக்குறைய 15 பிரயாணங்களின் கட்டணம். ஐம்பது தடவை போகிறவனுக்குப் பத்தில் ஏழு பங்கு மிச்சம். மூன்று மாத டிக்கெட் மாத விலையைப்போல் 2.7 மடங்கு; ஆறு மாத டிக்கெட் 5.4 மடங்கு, ஓராண்டு டிக்கெட் 10.8 மடங்கு. அதாவது மேலும் பத்திலொரு பங்கு குறைகிறது. தவிர, நடுவில் கட்டணம் உயர்ந்தாலும் கையிலுள்ள டிக்கெட் தன் காலம் முடியும்வரை செல்லும். ஓராண்டு டிக்கெட் வைத்திருப்பவனை அந்த ஆண்டின் கட்டண உயர்வு தீண்டாது.

ஆனால் மாத டிக்கெட்டுக்கே கடைசி வாரத்தில் கையைப் பிசைகிறவன் 10.8 மடங்குத் தொகையை முன்கூட்டி எங்கிருந்து கொண்டுவருவான்? இங்கேதான் கூட்டு முயற்சியின் அவசியம் தோன்றுகிறது. தொழிலாளர்களின் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கமோ, பெண்களின் சுய உதவிக் குழுவோ அத்தொகையை முன்பணமாகக் கொடுத்து, பன்னிரண்டு மாதத் தவணையில் வட்டியின்றித் திரும்பப் பெறட்டும். தவணை மாத டிக்கெட்டின் விலையில் பத்தில் ஒன்பது பங்குதான் வரும். கடனையும் அடைத்து, மாதந்தோறும் மிச்சமும் பிடிக்கலாம். 1904-ல் சென்னைத் திருவல்லிக்கேணியில் சில நண்பர்கள் சேர்ந்து நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது அதன் அடிப்படை இந்த எண்ணமேயன்றி வேறென்ன? தனியாளின் ஏழ்மை பலர் சேர்ந்தால் பலமாகும் என்பதை நம் முன்னோர் கண்டு காட்டியிருக்கிறார்கள்.

டிக்கெட் வாங்குவதும் தேச காரியமாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியபோது, வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை இறக்கிப் பார்த்தது; இலவசமாக ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. அப்போதும் சுதேசிக் கப்பலையே நாடிய பிரயாணிகள் எந்தப் பிரசங்கமும் செய்யவில்லை. எந்தக் கப்பலில் ஏறுவது என்ற தங்கள் தீர்மானத்தையே வாக்காக அளித்தார்கள். 1917-ல் மகாத்மா காந்தி மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளின் அவதியை எழுதி வெளியிட்டபோதும், ரயில்வேக்குப் பணம் தருகிறவன் மனிதனாக நடத்தப்படவேண்டும் என்பதே அவர் கேட்டது. மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974-ல் ஒழிந்தது. பெயர் ஒழிந்ததோடு குறையும் ஒழிந்ததா என்பதை நெரிசலில் தொங்கிச் செல்கிறவர்களிடம் கேட்கவேண்டும்.

ரயில்வே தரப்பில் சொல்லப்படும் சமாதானத்தையும் நாம் ஒதுக்கவில்லை. பிரயாணச் செலவில் சராசரியாக 57 சதவிகிதமே கட்டணமாகத் திரும்புகிறது என்று 2016 முதல் டிக்கெட்டுகளிலேயே அச்சிட்டு வந்தார்கள். சரக்கு வண்டியின் லாபத்தைக் கொண்டு பிரயாணி வண்டியின் நஷ்டத்தை ஈடுசெய்வதாகவும் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் சரக்கு என்பது யாருடைய உழைப்பு? சுரங்கத்தில் இறங்குகிறவன் மலிவாக வேலைக்கு வந்து சேர்ந்தால்தான் தொழிலும் நடக்கும், சரக்கும் நகரும். தொழிலாளியின் டிக்கெட்டில் விட்டுக்கொடுக்கும் காசு தர்மமல்ல. தொழிலுக்கு இடும் முதல். வரவு வேண்டுமென்றால் 2020 மார்ச்சில் பறித்த முதியோர் சலுகையைத் திரும்பத் தராமல் வைத்திருப்பதும், வண்டியின் பெயரை மாற்றி மும்மடங்கு வாங்குவதும் நேர்வழி ஆகா.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. சீசன் டிக்கெட்டின் விலை 15 பிரயாணக் கட்டணத்தை மிஞ்சாது என்பது சர்க்காரின் உறுதிமொழியாகவேண்டும். ஒரு மந்திரியின் மனப்போக்கைப் பொறுத்ததாக இருக்கக்கூடாது. கடலூர்–விருத்தாசலம் பாதையில் கூட்டு டிக்கெட்டைப் பரீட்சார்த்தமாக ஓராண்டு நடத்திப் பார்க்கவேண்டும். ஷிப்டு மாறும் நேரத்திற்கேற்ப வண்டிகளின் நேரம் அமையவேண்டும். நிலையத்திலிருந்து சுரங்கத்திற்கும் நகரியத்திற்கும் இணைப்புப் பஸ் வேண்டும். இல்லையேல் மலிவான டிக்கெட்டும் பயன்படாது. நிலக்கரி ஸ்தாபனமும் அதன் ஒப்பந்ததாரர்களும் தங்கள் தொழிலாளருக்கு ஓராண்டு சீசன் டிக்கெட் வாங்க முன்பணம் கொடுப்பது பெரிய காரியமல்ல.

பிரயாணிகளுக்கும் ஒரு வார்த்தை. கோட்டந்தோறும் ரயில் உபயோகிப்போர் ஆலோசனைக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதில் அமர்கிறவர்கள் தினமும் ரயிலில் ஏறுகிறவர்களாக இருக்கவேண்டும் என்று வற்புறுத்துங்கள். குறிஞ்சிப்பாடியிலிருந்து விருத்தாசலம் வரை நிலையந்தோறும் சங்கம் அமையுங்கள். ஒரே நாளில், ஒரே ஜன்னலில், எல்லோரும் சேர்ந்து சீசன் டிக்கெட் வாங்குங்கள். அந்த வரிசையே உங்கள் ஊர்வலம். அந்த டிக்கெட்டுகளே உங்கள் மனு. ஒரு மாதக் கணக்கைப் பார்த்ததும் திருச்சியிலும் சென்னையிலும் உள்ள உத்தியோகஸ்தர்கள் நெய்வேலி என்ற நிலையத்தைக் கவனிக்காமலிருக்க முடியாது. கட்டணம் ஏறியபின் கூக்குரலிடுவதைவிட, ஏறுமுன் எண்ணிக்கையைக் காட்டுவதே விவேகம்.