கைக்காசு போட்டுக் கம்பெனி வேலையா?



இந்த மாதம் ஒரு சின்னக் கேள்வியோடு தொடங்குவோம். உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவர் மகனோ, மகளோ, கணவரோ யாராக இருந்தாலும் சரி, இன்றைய தேதியில் அவருடைய முதலாளி அவருக்குத் திருப்பித் தரவேண்டிய பயணக் காசு எவ்வளவு? சம்பளத்தைக் கேட்கவில்லை. அது உங்களுக்கே தெரியும். கம்பெனி வேலையாக அலைந்தபோது தன் சட்டைப் பையிலிருந்து போட்டாரே பெட்ரோலுக்கும் டோலுக்கும் பார்க்கிங்குக்கும், அந்தக் காசைக் கேட்கிறேன்.

பத்து வீட்டில் கேட்டால் எத்தனை வீட்டில் உடனே பதில் வரும்? "கொஞ்சம் வரணும்" என்பார்கள். "போன மாசத்துதே இன்னும் வரலை" என்பார்கள். எவ்வளவு என்று மட்டும் சொல்லமாட்டார்கள். காரணம், எழுதி வைத்திருக்கமாட்டார்கள்.

நியாலாஸ் பக்கத்துப் பிள்ளைகள் இன்று பால் மரத்தை மட்டும் நம்பி இருக்கவில்லை. ஏர்கண்டிஷன் பழுது பார்க்கிறார்கள், தண்ணீர் வடிகட்டி மாட்டுகிறார்கள், மருந்து விற்கிறார்கள், காப்புறுதி பேசுகிறார்கள். காலையில் ஜாசின், மத்தியானம் மலாக்கா, சாயங்காலம் தங்காக் அல்லது சிகாமட் என்று மோட்டார் சைக்கிளும் காரும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. தோட்ட அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் வங்கி, லேபர் ஆபீஸ் என்று நடை உண்டு. நடை கம்பெனிக்கு. செலவு யாருக்கு? அதுதான் இன்றைய பேச்சு.

முதலில் பழைய கதை ஒன்றைப் பார்ப்போம். பயணச் செலவை யார் ஏற்பது என்பது நம் சமூகத்துக்குப் புதிய கேள்வி அல்ல. நம் முன்னோர் இந்த மண்ணில் கால் வைத்தபோதே எழுந்த கேள்வி அது. ஒப்பந்தக் கூலி முறை இருந்த காலத்தில், நாகப்பட்டினத்திலிருந்து ஏற்றி வந்த கப்பல் கட்டணம் கூலியாளின் தலையிலேயே கடனாக ஏறியது. தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது துரைக்கு. பயணச் செலவை உழைத்துக் கழிக்கவேண்டியது வந்தவர். எத்தனை பெரிய அநியாயம் பாருங்கள்!

1907 இல் ஒரு மாற்றம் வந்தது. தமிழர் குடியேற்ற நிதி என்ற ஒன்றை அரசாங்கம் சட்டம் போட்டு ஏற்படுத்தியது. பின்னாளில் இந்தியர் குடியேற்ற நிதி என்று அழைக்கப்பட்டது அதுதான். இந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த ஒவ்வொரு முதலாளியும் தம் ஆட்கள் வேலை செய்த நாட்களின் கணக்குப்படி அந்த நிதிக்குப் பணம் கட்டவேண்டும். அதிலிருந்து புதிதாக வருகிறவர்களின் ரயில், கப்பல் கட்டணம் கொடுக்கப்பட்டது. 1910 இல் ஒப்பந்தக் கூலி முறையே ஒழிக்கப்பட்டது. கப்பல் கட்டணத்துக்காகக் கடன்பட வேண்டியதில்லை என்றானது. கங்காணியிடம் பட்ட மற்றக் கடன்கள் வேறு கதை. 1938 இல் இந்திய அரசாங்கம் இப்படி ஆள் அனுப்புவதைத் தடை செய்யும்வரை இந்த ஏற்பாடு நடந்தது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, யாருடைய வேலைக்காகப் பயணமோ, அவரே செலவை ஏற்கவேண்டும். இரண்டு, அந்த நியாயம் வாய்ச்சொல்லில் நிற்கவில்லை; கணக்கில் நின்றது. பெயர் பெயராக, நாள் நாளாக எழுதிய செக்ரோல் புத்தகம் தோட்ட அலுவலகத்தில் இருந்தது. இன்றைக்கு உங்கள் மகனுக்கும் ஒரு செக்ரோல் வேண்டும். ஆள் கணக்கு எழுத அல்ல, அலைந்த கணக்கு எழுத.

அதற்குக் கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டுமா என்று பயப்படவேண்டாம். கைப்பேசியிலேயே எக்செல், கூகுள் ஷீட்ஸ் போன்ற கணக்குத்தாள்கள் இருக்கின்றன. இந்தக் கட்டம் போட்ட கணக்குத்தாளுக்கும் ஒரு கதை உண்டு. 1978 இல் அமெரிக்காவின் ஹார்வார்டில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின் என்ற மாணவர், கரும்பலகையில் எழுதிய கணக்கில் ஓர் எண்ணை மாற்றினால் அதைத் தொடர்ந்த எல்லா எண்களையும் அழித்து எழுதவேண்டியிருப்பதைக் கண்டு யோசித்தார். ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமாகவே மாறினால் எப்படி இருக்கும்? நண்பர் பாப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய விசிகால்க் 1979 இல் விற்பனைக்கு வந்தது. இன்று உங்கள் கையில் இருக்கும் கணக்குத்தாள் அதன் வாரிசுதான்.

இனி வேலைக்கு வருவோம். தாளின் மேல் வரிசையில் இந்தத் தலைப்புகளை வரிசையாகப் போடுங்கள்: தேதி, எங்கிருந்து எங்கே, என்ன வேலை, கிளம்பும்போது மீட்டர், திரும்பியபோது மீட்டர், எத்தனை கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு எவ்வளவு, மைலேஜ் காசு, டோல், பார்க்கிங், சாப்பாடு, மொத்தம், வாங்கிய முன்பணம், வரவேண்டிய பாக்கி, கிளேம் கொடுத்த தேதி, காசு வந்த தேதி. பதினாறு தலைப்புகள். பார்க்கப் பெரிதாகத் தெரியும். ஆனால் இவற்றில் நான்கைத் தாளே போட்டுக்கொள்ளும். கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பதும் ஒரு முறை எழுதினால் போதும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். கிளம்பும்போது மீட்டர் 48,210. திரும்பியபோது 48,296. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழிக்கச் சொன்னால் 86 கிலோமீட்டர் என்று தாள் சொல்லும். கம்பெனி கிலோமீட்டருக்கு 60 காசு தருவதாக வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 51 வெள்ளி 60 காசு. டோல் 7 வெள்ளி 40 காசு, பார்க்கிங் 2 வெள்ளி. ஆகமொத்தம் 61 வெள்ளி. முன்பணம் 30 வெள்ளி வாங்கியிருந்தால் வரவேண்டிய பாக்கி 31 வெள்ளி. இந்தக் கழித்தல், பெருக்கல், கூட்டலை ஒரு வரிசையில் ஒரு முறை சொல்லிக் கொடுத்து, கீழே உள்ள வரிசைகளுக்கு இழுத்துவிட்டால் போதும். பிறகு நீங்கள் எண்களை மட்டும் நிரப்பவேண்டியதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கம்பெனி கொடுத்தால், பெட்ரோல், டயர் தேய்மானம், சர்வீஸ் எல்லாம் பெரும்பாலும் அதற்குள் அடக்கம். அதன்மேல் பெட்ரோல் ரசீதையும் சேர்த்துக் கொடுத்தால் இரட்டைக் கிளேம் ஆகிவிடும். வீட்டிலிருந்து வேலை இடத்துக்குப் போய்வரும் தூரத்தையும் சாதாரணமாகச் சேர்க்கமாட்டார்கள். உங்கள் கம்பெனியின் விதி என்ன என்று முதலிலேயே கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் ஏழாம் கட்டை, எட்டாம் கட்டை என்று குத்துமதிப்பாகத் தூரம் சொன்னோம். கிளேமில் குத்துமதிப்பு உதவாது. 86 ஓடிவிட்டு 100 என்று எழுதுகிறவர் 14 கிலோமீட்டர் காசுக்காக வேலையையே பணயம் வைக்கிறார்.

ரசீது விஷயத்துக்கு வருவோம். பெட்ரோல் நிலையத்தில் கிடைப்பவை பெரும்பாலும் சூட்டில் அச்சாகும் காகிதங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் கண்ணாடி ஓரமாகப் போட்டுவைத்தால் எழுத்து மங்கிப்போகும். மாதக் கடைசியில் வெள்ளைத் தாளைத்தான் கிராணியிடம் நீட்டவேண்டியிருக்கும். ஆகவே வாங்கிய உடனே கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். ரசீதின் ஓரத்தில் ஓர் எண் போட்டு, அதே எண்ணைக் கணக்குத்தாளிலும் எழுதுங்கள். டச் அண்ட் கோ அட்டையில் டோல் கட்டுகிறவர்கள் அதன் கணக்கு விவரத்தை எடுத்துச் சேர்த்துவைக்கலாம்.

பதினாறு தலைப்புகளில் மிக முக்கியமானது எது தெரியுமா? கடைசி இரண்டும்தான். செலவை எழுதுகிறவர்கள்கூடக் காசு வந்ததா என்பதை எழுதுவதில்லை. இரண்டு மாதக் கிளேம் சேர்ந்து, நடுவில் ஒரு பகுதி மட்டும் வந்து, எது வந்தது எது வரவில்லை என்று குழம்பிப்போகிறது. 2025 இல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தச் சம்பளம் வாங்குகிறவருக்கு 300 வெள்ளி கிளேம் நின்றுபோனால், மாத வருமானத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் முதலாளிக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். அந்தக் கடனுக்கு ஈடாக வீட்டில் எது நின்றது? பிள்ளையின் டியூஷன் காசா, மளிகைக்கடைப் பாக்கியா? தாய்மார்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பயணப்படி என்பதும் சம்பளம் என்பதும் ஒன்றல்ல. ஊழியர் சேமநிதிச் சட்டத்தின்படி, பயணப்படிக்குச் சேமநிதி பிடிக்கவேண்டியதில்லை. சொக்சோவிலும் அப்படித்தான். உண்மையாக அலைந்ததற்குத் தரும் காசென்றால் இது நியாயமே. ஆனால் எங்கும் அலையாத ஒருவருக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பயணப்படி என்று பெயர் மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும்? 2,100 வெள்ளி தருகிறோம் என்று சொல்லி, 1,700 சம்பளம், 400 பயணப்படி என்று பிரிக்கிறார்கள் என்று வையுங்கள். அந்த 400 வெள்ளிக்குத் தொழிலாளி பங்கு நூற்றுக்கு 11, முதலாளி பங்கு நூற்றுக்கு 13, ஆக மாதம் சுமார் 96 வெள்ளி சேமநிதியில் சேராமல் போகும். வருடத்துக்கு 1,152 வெள்ளி. கையில் வரும் காசு கொஞ்சம் கூடியிருப்பதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். முதலாளி கட்டவேண்டிய பங்கு உங்களுக்கு வராமலே போகிறது. வயதான காலத்துச் சோறு அது. சம்பளச் சீட்டை எடுத்து ஒரு முறை படியுங்கள்.

மூன்றாவது காரணம்தான் எல்லாவற்றிலும் பெரியது. நினைக்கக்கூடாது என்றாலும் சொல்லத்தான் வேண்டும். மோட்டார் சைக்கிளில் போகிற பிள்ளைக்கு வழியில் ஒரு விபத்து நேர்ந்தால்? 1969 ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வேலை சம்பந்தமான பயணத்தில் நேரும் விபத்துக்கும், வீட்டுக்கும் வேலை இடத்துக்கும் இடையில் நேரும் விபத்துக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. ஆனால் வழியைவிட்டுச் சொந்தக் காரியத்துக்காகத் திரும்பியிருந்தால் சிக்கல் வரும். அந்த நேரத்தில் அவர் அந்தச் சாலையில் ஏன் இருந்தார் என்ற கேள்வி எழும். "இன்ன தேதி, நியாலாஸிலிருந்து சிகாமட், இன்ன வாடிக்கையாளரின் மிஷின் பழுது" என்று அன்று காலையிலேயே எழுதிய ஒரு வரி, அந்தக் குடும்பத்துக்குப் பெரிய துணையாக நிற்கும். ஆகவே எங்கே, என்ன வேலை என்ற தலைப்புகளை மாதக் கடைசியில் நிரப்பலாம் என்று விடாதீர்கள். கிளம்பும்போதே எழுதுங்கள். எழுதியதற்கு ஒரு பிரதி வீட்டில் இன்னொருவர் கைப்பேசியிலும் இருக்கட்டும்.

வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்கிறவர்களுக்கும் இந்தத் தாள் உதவும். அலுவல் பயணத்துக்காக முதலாளி தரும் பயணப்படி, பெட்ரோல், டோல் காசுக்கு வருடத்துக்கு 6,000 வெள்ளி வரை வரிவிலக்கு உண்டு. அதற்கான ஆதாரங்களை ஏழு வருடம் வைத்திருக்கவேண்டும். பிஸ்கட் டின்னில் ரசீதுகளைத் திணித்துவைத்தால் ஏழு வருடம் தாங்குமா? தாளும் படமும் தாங்கும்.

கடையோ சிறு தொழிலோ நடத்தும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களிடம் வேலை செய்யும் பையனுக்கு இந்தத் தாளை நீங்களே கொடுங்கள். மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, அன்றைக்குள் கிளேம் வந்தால் இன்ன தேதியில் காசு என்று சொல்லிவிடுங்கள். தூரப் பயணமென்றால் முன்பணம் கொடுத்து அனுப்புங்கள். உங்களுக்கும் எந்த வாடிக்கையாளருக்கு எவ்வளவு அலைச்சல், அதில் லாபம் உண்டா என்று தெரியவரும். ஆளும் உங்களைவிட்டுப் போகமாட்டான்.

கைப்பேசியில் தட்டத் தெரியவில்லையா? பரவாயில்லை. ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் அடிக்கோலால் கோடு போட்டு அதே தலைப்புகளை எழுதுங்கள். கூட்டலும் கழித்தலும் நீங்கள் போடவேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். கம்பெனிக்குப் போடும் காசையாவது அளந்து போடவேண்டாமா?

இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, போன மாதத்து ரசீதுகளை எடுத்துவரச் சொல்லுங்கள். முதல் வரிசையை நீங்களே எழுதித் தொடங்குங்கள். பாக்கி எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். அந்த எண்ணை எழுதிக்கொண்டு திங்கட்கிழமை காலையில் பிள்ளை ஆபீசுக்குப் போகட்டும். கோபமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். கணக்கைக் காட்டிக் கேட்டால் போதும்.