பெயின்ட் கடைசியில்தான்!

எங்கள் வீட்டு ஷெட்டில் பதினோரு வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது அப்பாவின் பிரீமியர் பத்மினி. 1989-ல் வாங்கியது. "பழைய இரும்புக்குப் போட்டுடலாமாப்பா?" என்று ஒருநாள் கேட்டேன். பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். அன்றுதான் முடிவு செய்தேன், அதை ஓட வைத்துக் காட்டுவது என்று.

நேராகப் பெயின்ட் அடிக்க விட்டேன். பட்டி பார்த்து, பாலிஷ் போட்டு, பளபளவென்று வந்து நின்றது. தெருவே பாராட்டியது. ஒரு வாரம்தான். மெக்கானிக் அண்ணன் உள்ளே இருந்த மேட்டைத் தூக்கினார். ஓட்டை வழியே ஷெட்டின் சிமென்ட் தரை தெரிந்தது! மழைத் தண்ணீர் இறங்கி, தகரத்தைத் துரு தின்றிருந்தது. வெல்டிங் வைத்ததில் கதவோரப் பெயின்ட் கருகிப்போனது. மறுபடியும் செலவு.

"அடித்தகடு, பிரேக், இன்ஜின்... பெயின்ட் எல்லாத்துக்கும் கடைசி தம்பி" என்றார் அவர்.

அடுத்த பாடம் டேஷ்போர்டில். கழற்றிய ஸ்க்ரூ எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டுவிட்டு, மாட்டும்போது இரண்டு நாள் முழித்தேன். பிறகு, கழற்றுவதற்கு முன் செல்போனில் ஒரு போட்டோ, ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் எழுதிய தனிக் கவர் என்று மாறினேன்.

நின்ற வண்டியை ஆர்வத்தில் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். பழைய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைத்திருக்கும். டேங்க்கை இறக்கிக் கழுவ வேண்டும். பிரேக் ரப்பர்கள் இறுகியிருக்கும். மாற்றாமல் தெருவில் இறக்கக் கூடாது. கிடைக்காத பாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினேன்.

செலவு செய்யும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள். சொந்த காருக்குப் பதிவு 15 வருடம். பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். எங்களுடையது காலாவதியாகி இருந்தது. அதைச் சரிசெய்த பிறகே ரோட்டுக்கு வந்தோம்.

மூட்டுவலியால் அப்பாவால் இப்போது கிளட்ச் மிதிக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கை ஒட்டிய கியரில் நான் தடுமாற, கண்ணை மூடி இன்ஜின் சத்தத்தைக் கேட்டபடி, "இப்போ மாத்துடா" என்றார். சரியாக விழுந்தது.

வண்டியைத் திருப்பி வீட்டுக்கு விட்டேன். "இன்னொரு ரவுண்டு போலாமா?" என்றார் அப்பா.