பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடாதீங்க!

ஒரு பழைய கார் இருக்கிறது. அதிலிருந்து கழற்றிப் போட்ட ஒரிஜினல் சாமான்களும் இருக்கின்றன. இந்த இரண்டில் எதுங்க கார்?

கேள்வி கிறுக்குத்தனமாகத் தெரியலாம். ஆனால் அம்பாசிடர், பியட், ஹெரால்டு என்று பழைய வண்டி வைத்திருக்கிற பல வீடுகளில் இதுதான் நிலைமை. வண்டி வாசலில் பளபளவென்று நிற்கும். அதோடு பிறந்த எஞ்சினும் டைனமோவும் மீட்டரும் மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்குப் பின்னால் கிடக்கும். ஒருநாள் இடம் வேண்டும் என்று தோன்றும்போது அத்தனையும் காயலான் கடைக்குப் போய்விடும். இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலமெல்லாம் மலையேறிவிட்டது, இப்போது அதுகூடக் கிடைப்பதில்லை. :-)

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பர் பொறித்த சாமான் அதன் வண்டியை விட்டுப் பிரியக் கூடாது. நம்பர் இல்லாத நல்ல சாமான், ஓடுகிற இன்னொரு வண்டிக்குப் போக வேண்டும். இது இரண்டும் இல்லாமல் எடைக்குப் போடுகிறவர்கள், ஓட்டல் சுவரில் மாட்டுகிறவர்கள், "விலை ஏறட்டும் பார்க்கலாம்" என்று பரணில் பூட்டுகிறவர்கள், இந்த மூன்று பேரோடும் எனக்குச் சண்டை.

முதலில் எடைக்குப் போடுகிறவர்கள். இதற்கு நான் வெளியூர் போக வேண்டியதில்லை, மேல்சித்தாமூரில் எங்கள் பெரியப்பா வீடே போதும். அவருடையது 1970 மாடல் அம்பாசிடர் மார்க் 2. எண்பதுகளில் பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று திண்டிவனத்தில் ஒரு பட்டறையில் விட்டு டீசல் எஞ்சின் மாற்றிக்கொண்டார். அன்றைக்குத் தமிழ்நாட்டில் நிறைய பேர் செய்ததுதான். வண்டியை வைத்துப் பிழைத்தவர்களுக்கு வேறு வழி இல்லை, அதை நான் குறை சொல்ல மாட்டேன். இறக்கிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் அன்றிலிருந்து கொட்டகையில்தான் இருக்கிறது. இப்போது பெரியப்பா மகன் (எனக்கு அண்ணன்) கொட்டகையைப் பிரித்து ஷெட் போடப் போகிறார். "இந்த இரும்பை வெச்சிக்கிட்டு என்னடா பண்றது? கிலோ கணக்குல போட்டா ஷீட் வாங்கற காசாவது தேறும்" என்கிறார்.

அண்ணே, அது இரும்பு இல்லை. வண்டியின் ஜாதகம்.

2021 ஜூலையில் மத்திய அரசு பழமையான வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 வருஷம் செல்லும், நம்பர் பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். தினப்படி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. எல்லாவற்றையும் விட முக்கியமான நிபந்தனை, வண்டி அதன் ஒரிஜினல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஒரு குழு நேரில் பார்த்துத்தான் முடிவு செய்யும்.

இப்போது கணக்குப் போடுங்கள். 1970 வண்டி 2020லேயே ஐம்பதைத் தாண்டிவிட்டது. டீசல் எஞ்சினோடு கொண்டுபோய் நிறுத்தினால் கதை நடக்காது. பழைய எஞ்சினைத் திரும்பப் பூட்டி, ஆர்.சி.யையும் சரிசெய்துகொண்டு போனால் பேசவாவது வாய் இருக்கும். அந்த எஞ்சினை எடைக்குப் போட்டுவிட்டால் அந்தக் கதவும் அடைந்தது. வேறொரு பெட்ரோல் எஞ்சின் தேடி வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம், ஓடும். ஆனால் அது அடுத்த வண்டியின் எஞ்சின், அதில் இருப்பது அடுத்த வண்டியின் நம்பர். உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றுபோனது. இனி யாரும் புதிதாக ஒன்று வார்த்துத் தரப் போவதில்லை.

இரண்டாவது கோஷ்டி இன்னும் நாகரிகமானவர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஓட்டல் வைத்திருக்கிற ஒருவர் பெரியப்பாவிடம் ஆள் விட்டிருந்தார். எஞ்சின் வேண்டாமாம். கிரில், ஹெட்லைட், பழைய ஸ்டியரிங், ஸ்பீடோமீட்டர் மட்டும் போதுமாம். சுவரில் பதித்து உள்ளே பல்பு எரிய விடுவார்களாம். பார்க்க அழகாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை.

எங்கள் பக்கத்து ஊர் செஞ்சி. அங்கே வேங்கடரமணர் கோயிலுக்குப் போய் வெறுமையாகக் கிடக்கிற இடங்களைப் பார்த்துவிட்டு, அப்படியே புதுச்சேரி கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். காந்தி சிலையைச் சுற்றி நெடுநெடுவென்று நிற்கிற கற்றூண்கள், செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை. எல்லோரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். என்ன வேலைப்பாடு! ஆனால் அவை எந்தக் கூரையையும் தாங்கவில்லை, எந்த மண்டபத்திலும் இல்லை. தூண் பிழைத்தது, கோயில் மொட்டையானது. ஓட்டல் சுவரில் எரியப் போகிற ஹெட்லைட்டும் எனக்கு இப்படித்தான் தெரிகிறது. அதே ஹெட்லைட் வளையம் கிடைக்காமல், ஒரு பக்கம் டேப் ஒட்டிக்கொண்டு ஓடுகிற மார்க் 2 எங்கேயாவது இருக்கும். உடைந்து, நெளிந்து, எதற்கும் ஆகாது என்று ஆகிவிட்டதா? அப்போது சுவரில் மாட்டுங்கள், நானே வந்து ஆணி அடிக்கிறேன்.

மியூசியத்துக்குக் கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கோவையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் ஜீடி கார் மியூசியம் 2015இல் திறந்தது, அவசியம் பார்க்க வேண்டிய இடம். ஆனால் மியூசியம் முழு வண்டியைத்தான் தேடும். உங்கள் வீட்டு மூட்டையில் இருக்கிற நாலு கதவுக் கைப்பிடியை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?

மூன்றாவது கோஷ்டிதான் எனக்கு ரொம்பக் கடுப்பு. எடைக்குப் போடுகிறவருக்கு அருமை தெரியாது, விட்டுவிடலாம். இவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் பூட்டி வைக்கிறார்கள்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர் வண்டி. சென்னை வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961இல் கொண்டுவந்தது. மூலம் பிரிட்டனின் ட்ரையம்ப் ஹெரால்டு. அங்கே 1971இல் உற்பத்தி நின்றாலும், அதற்கு உதிரி சாமான் செய்து விற்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அதனால் எஞ்சின் சாமான்களுக்கு எப்படியோ வழி உண்டு. ஆனால் பிரிட்டனில் நான்கு கதவு ஹெரால்டு என்று ஒன்று வந்ததே இல்லை. அதைச் செய்தது நம்மவர்கள் மட்டும்தான், மார்க் 3 மாடலில். அந்தத் தொழிற்சாலையும் எண்பதுகளின் கடைசியில் நின்றுபோனது. அப்படியென்றால் மார்க் 3யின் பின்கதவு உலகத்தில் வேறெங்கும் கிடையாது. லண்டனுக்கே போனாலும் வாங்க முடியாது. யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் இருந்தால்தான் உண்டு.

அந்த யாரோ ஒருவர் என்ன செய்கிறார்? இரண்டு கதவை வைத்துக்கொண்டு, கேட்டு வருகிறவர்களிடம் ஒரு விலை சொல்கிறார். அவர் வாயடைத்துத் திரும்பிப் போவதைப் பார்த்து, சரக்குக்கு மதிப்பு ஏறிவிட்டது என்று சந்தோஷப்படுகிறார். ஒருபக்கம் கதவில்லாமல் வண்டி துருப்பிடிக்கிறது, மறுபக்கம் வண்டியில்லாமல் கதவு துருப்பிடிக்கிறது. ஹெரால்டு ஒவ்வொன்றாகக் கழிந்துபோன பிறகு இந்தக் கதவை யாருக்கு விற்பார்? வாங்க வண்டி வேண்டுமே! லாபம் வைக்காதீர்கள் என்று சொல்லவில்லை. புதுப்பேட்டைக்காரர் லாபம் வைத்துத்தான் விற்கிறார், ஆனால் விற்கிறார். சாமான் கைமாறுகிறது, ஏதோ ஒரு வண்டி நகருகிறது. பரண்காரரை விட அவர் எவ்வளவோ மேல்.

விற்க மனசு வரவில்லையா, அளவெடுக்கவாவது கொடுங்கள். ஒரு கைப்பிடியோ புஷ்ஷோ மாதிரிக்குக் கிடைத்தால் லேத் பட்டறையில் கடைந்துவிடுவார்கள். ஒரு கதவு கிடைத்தால் தகரம் தட்டுகிறவர் அதைப் பார்த்தே இன்னொன்று தட்டுவார். அச்சு அசலாக இருக்காது, ஆனால் மழை உள்ளே வராது. பத்து நாள் இரவல் கொடுப்பதால் உங்கள் கதவு தேய்ந்துபோகாது.

வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. நனைந்த சாக்கில் சுற்றி மண் தரையில் போடுவதற்குப் பெயர் பாதுகாப்பது இல்லை. சாக்கு ஈரத்தை இழுத்து இரும்போடு சேர்த்துக் கட்டி வைக்கும். பலகை மேல் ஏற்றுங்கள், சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விடுங்கள், திறந்திருக்கிற ஓட்டையெல்லாம் அடையுங்கள், கடைந்த பாகங்களில் கிரீஸ் பூசுங்கள். ஒரு தகட்டில் வண்டி நம்பர், எஞ்சின் நம்பர், எந்த வருஷம் இறக்கியது என்று எழுதிக் கம்பியால் கட்டுங்கள். பெரியப்பாவுக்கு அதெல்லாம் மனப்பாடம். அவருக்கு வயது 78. அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது. வண்டியை விற்கிற நாள் வந்தால் எஞ்சினையும் சேர்த்தே ஏற்றி அனுப்புங்கள், தனித்தனியாக விலை பேசாதீர்கள்.

கடைசியாக, ஒரிஜினல் பைத்தியம் முற்றிப்போனவர்களுக்கு. இரும்பும் தகரமும் காத்திருக்கும், ரப்பர் காத்திருக்காது. 1970இல் கம்பெனி டப்பாவில் வந்த பிரேக் வாஷரை இன்றுவரை பிரிக்காமல் வைத்திருப்பதாகப் பெருமைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். டப்பாவை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கிற ரப்பர் உபயோகப்படுத்தாமலே இறுகி வெடிக்கத் தொடங்கியிருக்கும். அதைப் போட்டுச் செஞ்சி மலையடிவாரத்தில் பிரேக் மிதித்தால் கால் தரையைத் தொடும், வண்டி நிற்காது. பிரேக் ரப்பர், பெட்ரோல் ஹோஸ், துணி சுற்றிய பழைய வயர் எல்லாமே புதுசு வாங்குங்கள். பழசைத் தாராளமாகக் குப்பையில் போடலாம். போடும்போது இரண்டாக வெட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் எவனாவது பொறுக்கித் துடைத்து ஒரிஜினல் என்று உங்களுக்கே கொண்டுவந்து விற்பான்.