கண்ணகி கோயிலும் எல்லைத் தகராறும்

குமுளிக்கு மேலே பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் 1,337 மீட்டர் உயரத்தில் ஒரு பழைய கற்கோயில் சிதைந்து கிடக்கிறது. தமிழர்கள் அதைக் கண்ணகி கோட்டம் என்கிறார்கள். மலையாளிகளுக்கு அது மங்கலாதேவி க்ஷேத்திரம். சேரன் செங்குட்டுவன் எழுப்பியது என்பது இரு சாராரும் சொல்லும் வரலாறு. ஆண்டில் ஒரே நாள், சித்திரைப் பௌர்ணமியன்று மட்டும், பொதுமக்கள் அங்கே அனுமதிக்கப்படுகிறார்கள். கோயில் எந்த மாநில மண்ணில் நிற்கிறது என்ற தகராறு இன்னும் தீரவில்லை. ஆனாலும் அந்த ஒரு நாளில் ஒரு சன்னதியில் கேரள முறைப்படியும் இன்னொன்றில் தமிழ் முறைப்படியும் பூசை நடக்கிறது. பொங்கல் வைப்பவர்களும், மஞ்சள் கயிறும் வளையலும் வாங்கிக் கொள்பவர்களும் எந்த மாநிலத்தார் என்று அங்கே யாரும் விசாரிப்பதில்லை.

இதைப் பக்தியின் மகிமை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். உண்மையில் கவனிக்க வேண்டியது அதற்கு முன்னால் நடக்கும் கூட்டம். ஒவ்வோர் ஆண்டும் திருவிழாவுக்கு முன்னதாக இடுக்கி கலெக்டரும் தேனி கலெக்டரும், இரு பக்கத்துப் போலீஸ், வனத்துறை, வருவாய்த்துறை, சுகாதாரத்துறை அதிகாரிகளோடு கூடிப் பேசுகிறார்கள். ஜீப்புக்கு என்ன கட்டணம், குடிதண்ணீர் எங்கே வைப்பது, டாக்டர் எங்கே இருப்பது, பிளாஸ்டிக்கையும் மதுவையும் எந்த இடத்தில் தடுப்பது, இருட்டுவதற்குள் எல்லோரையும் எப்படிக் கீழே இறக்குவது என்பவையே பேச்சு. கேட்டால் சில்லறைச் சமாசாரம். ஆனால் அணை வழக்கு டெல்லியில் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், இரு மாவட்ட நிர்வாகங்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து உடன்பாட்டோடு எழுந்திருக்க வாய்த்த காரியங்கள் மிகச் சில.

2011-ன் கடைசி மாதங்களை எல்லையோரத்தார் மறக்கவில்லை. நவம்பரில் இடுக்கியில் சிறு நில அதிர்வுகள் ஏற்பட்டன. 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை உடைந்துவிடும் என்ற பீதி பெரியாற்றங்கரை முழுவதும் பரவியது. டிசம்பரில் அது தெருச் சண்டையாக மாறியது. குமுளிப் பாதை அடைபட்டது. சபரிமலைக்குப் போன ஐயப்ப பக்தர்கள் செங்கோட்டை வழியாகச் சுற்றிப் போக நேர்ந்தது. ஏலத் தோட்டங்களில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் பயந்து, காட்டு வழியாகவே தேவாரம், போடிப் பக்கம் நடந்து இறங்கின. தமிழகத்துப் பக்கமும் கை சும்மா இருக்கவில்லை. மலையாளிகளின் கடைகளும் கேரளப் பதிவெண் கொண்ட வாகனங்களும் தாக்கப்பட்டன. முல்லைப் பெரியாற்றின் பெயரைக்கூடக் கேட்டிராத ஊர்களிலும் டீக்கடைக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள்.

பிறகு ஒட்டியது எப்படி? முதலில் ஒட்டியது வயிறுதான், அதை மறைப்பதில் பயனில்லை. கம்பம், கூடலூர், போடி, தேவாரம் பகுதிகளிலிருந்து நாள்தோறும் ஜீப்பில் ஏறிப் போகும் ஆட்கள் வராவிட்டால் ஏலக்காய் செடியிலேயே பழுத்து உதிர்ந்துவிடும். அவர்களுக்கும் அந்தக் கூலியில்லாமல் அடுப்பு எரியாது. காய் பறிப்பது இடுக்கியில். ஏலம் நடப்பது புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும். ஓணத்துக்கு அத்தப்பூக் கோலம் போடத் தேனிப் பக்கத்துச் சீலையம்பட்டிப் பூ மலையேறுகிறது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய வழிகள் அடைபட்டால் நஷ்டம் யாருக்கு என்பது அந்த டிசம்பரில் இரு பக்கமும் கணக்காகவே தெரிந்துபோயிற்று.

வேலை திரும்பியதும் மனம் திரும்பிவிடுமா? அடிவாரத்தில் லோயர்கேம்பில் 2013-ல் பென்னிகுக்குக்கு மணிமண்டபம் திறந்தார்கள். ஐந்து மாவட்டத்துக்கு நீர் தந்தவர் என்று விவசாயிகள் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். அதே அணையை நினைத்து மலைக்கு அந்தப் பக்கம், மழை வலுத்த இரவுகளில் தூங்காத குடும்பங்கள் உண்டு. உச்சநீதிமன்றம் 2014 மே 7-ல் 142 அடிவரை நீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பால் உரிமை தெளிவாகலாம், அச்சம் போகாது.

தெய்வம் பொதுவாக இருந்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இலங்கையைப் பார்க்க வேண்டும். அங்கே கண்ணகியைச் சிங்களவர்கள் பத்தினி தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். கிழக்கு மாகாணத் தமிழர்கள் கண்ணகி அம்மனாகக் கொண்டாடுகிறார்கள். கோட்டத்து விழாவுக்குக் கயவாகு மன்னன் வந்ததாகச் சிலப்பதிகாரமே சொல்கிறது. அப்படியிருந்தும் 1983 நடந்தது. அம்மன் ஒருத்தியாக இருந்தாள். பிரச்சினையைப் பேசித் தீர்க்க அதிகாரம் கொண்ட சபை அங்கே நிலைக்கவில்லை. பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் 1957-ல் செய்த ஒப்பந்தம் அடுத்த ஆண்டே கிழிக்கப்பட்டது.

பாலக்காட்டு எல்லையிலும் இதன் இன்னொரு பக்கத்தைக் காணலாம். சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் தண்ணீர்ச் சண்டைக்குக் குறைவில்லை. 1970-ல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கிடைக்க வேண்டும், கிடைக்கவில்லை என்று கோடையில் குரல் எழுகிறது. ஆனால் அங்கே இரு மாநில அதிகாரிகளும் கூடும் கூட்டு நீர் ஒழுங்கு வாரியம் என்று ஒன்று இருக்கிறது. தாமதமானாலும் முறையிட ஓர் இடம். கல்பாத்தி அக்கிரகாரத்துத் தேர் ஊருக்கே பொதுத் தேராகிவிட்டதும் உறவுக்கு ஒரு பலம்தான். எனினும் வாரியம் செய்கிற வேலையைத் தேர் செய்ய முடியாது.

மங்கலாதேவியில் இரண்டும் ஒரே இடத்தில் வாய்த்திருக்கின்றன. வழிபாடு இருப்பதால் கூட்டம் கூடியே ஆக வேண்டியிருக்கிறது. கொரோனாவால் 2020-லும் 2021-லும் பக்தர்கள் மலையேற முடியவில்லை. 2022-ல் விழா மீண்டும் நடந்தது.

குறை இல்லாமலில்லை. கூடலூரை அடுத்த பளியங்குடியிலிருந்து மேலே போகும் நடைபாதை, குமுளி ஜீப் பாதையில் ஏறக்குறையப் பாதித் தூரம்தான். அதைச் சீராக்கிப் பாதை அமைத்துத் தர வேண்டும் என்று தமிழகத்துப் பக்தர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். காப்பகக் காடு, வனச்சட்டம், எல்லைத் தகராறு மூன்றும் குறுக்கே நிற்கின்றன. வயதானவர்கள் கம்பை ஊன்றிக் கொண்டே அந்த வழியில் ஏறுகிறார்கள்.